உரிமை சிதறிய கட்டடம்: ஹாங்காங் சுங்கிங் மேன்ஷனும் மலிவுப் படுக்கையின் பொருளியலும்

1. கேள்வி

கவுலூன் தீபகற்பத்தின் தென்முனையில் 1928 முதல் பெனின்சுலா ஹோட்டல் நிற்கிறது. அதை ஒட்டி வடக்கே போகும் நேதன் சாலையில் ஐந்து நிமிடம்கூட நடக்க வேண்டியதில்லை, சுங்கிங் மேன்ஷன் வந்துவிடும். கதவிலக்கம் 36 முதல் 44. பெனின்சுலாவில் ஓர் இரவுக்குக் கேட்கும் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே பத்து நாள் தாராளமாகத் தங்கலாம்.

இரண்டும் நிற்பது ஏறக்குறைய ஒரே மண். மனை விலையில் உலகின் உச்சத்தில் இருக்கும் நகரங்களுள் ஹாங்காங் ஒன்று. அந்த நகரத்துக்குள்ளும் சிம் ஷா சுய் வட்டாரத்து நேதன் சாலை சாதாரண இடமன்று. நிலத்தின் விலைதான் அறையின் வாடகையைத் தீர்மானிக்கிறது என்றால், இந்த இடத்தில் மலிவு விடுதி என்ற ஒன்றே இருக்கக்கூடாது. ஆனால் ஒன்றிரண்டல்ல, ஒரே கட்டடத்துக்குள் பல பத்து விடுதிகள் இருக்கின்றன.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. பழைய, அழுக்கான கட்டடம், அதனால் மலிவு என்பது முதலாவது. பயணக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இது போதும். ஆனால் விலையுயர்ந்த மண்ணில் ஒரு கட்டடம் ஏன் பழசாகவே விடப்பட்டது என்ற கேள்வியை அது அப்படியே தள்ளி வைத்துவிடுகிறது. இரண்டாவது விடை மானுடவியலாளர்களுடையது: ஏழை நாடுகளுக்கிடையே நடக்கும் சில்லறை வணிகத்தின் மையம் இது, அந்த வணிகர்களின் பைக்கு ஏற்ற விலையில் விடுதி உருவானது என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனாலும் வாடிக்கையாளரிடம் பணம் குறைவு என்பதற்காக எந்த நில உரிமையாளரும் வாடகையைக் குறைத்துக்கொள்வதில்லை. அதிகம் தரக்கூடியவரைத் தேடிப் போவதே அவர் வழக்கம்.

சுங்கிங் மேன்ஷனின் மலிவுக்குக் காரணம் அதன் உரிமை பல நூறு பேரிடம் சிதறிக் கிடப்பதே என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தச் சிதறல் படுக்கையை மலிவாக்கியது. அதே சிதறல்தான் கட்டடத்தை ஆபத்தாக்கியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2. கட்டடத்தின் பிறப்பும் சரிவும்

கட்டி முடித்த ஆண்டு 1961. கடைகள் நிறைந்த அகலமான அடித்தளம், அதன்மேல் ஏ முதல் இ வரை ஐந்து பிளாக்குகள், மொத்தம் 17 மாடி. அன்றைய கணக்கில் இது வசதியுள்ளவர்களுக்கான குடியிருப்பு. இதே சாலையில் சற்று வடக்கே 1959இல் எழுந்த மிராடார் மேன்ஷனும் இந்தத் தலைமுறைதான், விடுதிகள் விஷயத்தில் இதற்குத் தம்பி.

சரிவு மெதுவாக வந்தது. வியட்நாம் போரின்போது விடுப்பில் இறங்கிய அமெரிக்கக் கடற்படையினர் சிம் ஷா சுய்யின் மதுக்கடைகளை நிரப்பினார்கள். வட்டாரத்தின் குணம் மாறியது. 1970களில் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு ஆசியாவைச் சுற்ற வந்த மேற்கத்திய இளைஞர்களுக்கு லோன்லி பிளானட் போன்ற வழிகாட்டி நூல்கள் இந்த முகவரியைக் காட்டின. வசதியான குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேற, வீடுகள் விடுதிகளாயின. 1988இல் நடந்த தீவிபத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த பயணி ஒருவர் இறந்தார். 1993இல் மின்சாரம் போய்க் கட்டடம் பல நாள் இருளில் கிடந்தது. 1994இல் வோங் கார் வாய் இயக்கிய படம் ஒன்று இதன் பெயரைத் தலைப்பில் ஏற்றி உலகமெங்கும் கொண்டுபோனது. படத்தைப் பார்த்துவிட்டு வந்து இறங்குகிறவர்களுக்குக் கட்டடம் பெரும்பாலும் ஏமாற்றமே.

3. உரிமையின் கதை

3.1 பிரிபடாத பங்கு

ஹாங்காங்கில் செயின்ட் ஜான் தேவாலயம் நிற்கும் துண்டு நிலம் தவிர, தனியார் கையில் இருக்கும் நிலமெல்லாம் அரசிடம் குத்தகைக்குப் பெற்றதுதான். அந்தக் குத்தகை நிலத்தில் எழும் அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது, மொத்த மனையில் ஒரு பிரிபடாத பங்கையும், குறிப்பிட்ட வீட்டைத் தனியே அனுபவிக்கும் உரிமையையும். சென்னையில் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல, இங்கே யுடிஎஸ் என்று பத்திரத்தில் எழுதிக்கொள்வது இதைத்தான். இன்னொரு பத்திரமும் உண்டு. எல்லா உரிமையாளர்களும் ஒருவருக்கொருவர் கட்டுப்படும் பரஸ்பர ஒப்பந்தம் அது. மாடிப்படி, கூரை, குழாய், வெளிச்சுவர் ஆகியவை யார் பொறுப்பு, எந்த வீட்டை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் அதில் அடங்கும்.

சுங்கிங் மேன்ஷனில் இப்படிப் பல நூறு பங்காளிகள். ஒருவர் தரைத்தளக் கடைக்காரர். இன்னொருவர் பதினான்காம் மாடியில் ஒரு வீட்டை மட்டும் வைத்திருப்பவர். மூன்றாமவர் வெளிநாட்டுக்குப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகி, வாடகையை மட்டும் வங்கியில் பெறுகிறவர். நான்காமவர் இறந்துவிட்டார், வாரிசுகள் இன்னும் பத்திரத்தைப் பிரித்துக்கொள்ளவில்லை. இவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒரே விலைக்கு ஒப்புக்கொண்டால்தான் கட்டடத்தை இடித்து, மண்ணின் முழு விலையையும் எடுக்க முடியும்.

3.2 ஒரே சாலை, மூன்று மனைகள்

இந்த வாதத்துக்குச் சோதனைக்கூடம் தேவையில்லை, நேதன் சாலையே போதும்.

சாலையின் எதிர்ப்புறத்தில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டல் இருந்தது. ஒரே உரிமையின் கீழ் இருந்த மனை. 2000களின் நடுவில் ஹோட்டலை மூடினார்கள், இடித்தார்கள், 2009இல் அதே இடத்தில் ஐஸ்கொயர் என்ற பேரங்காடி திறந்தது. முடிவெடுக்க ஒரு நிர்வாகக் குழு போதுமானதாக இருந்தது.

சுங்கிங் மேன்ஷனுக்குப் பின்பக்கம், ஹனாய் சாலை வட்டாரத்தில், சிதறிய உரிமையுடன் பல பழைய கட்டடங்கள் இருந்தன. அங்கே அரசு சார்ந்த நகரப் புத்தாக்க அமைப்பு இறங்கியது. சட்டம் தந்த அதிகாரத்தோடு மனைகளை ஒன்றுசேர்த்து, தனியார் நிறுவனத்தோடு கூட்டாகக் கட்டியது. 2009வாக்கில் 60 மாடிக்கு மேல் உயர்ந்த மாஸ்டர்பீஸ் கோபுரமும் அதன் காலடியில் கே11 அங்காடியும் எழுந்தன. எதிர்ப்புறத்தில் இடம் இழந்த ஹயாட் ரீஜென்சி இந்தக் கோபுரத்துக்குள் வந்து மறுபடி கடை விரித்தது.

இடையில் நிற்பது சுங்கிங் மேன்ஷன். அங்கே ஒற்றை உரிமையாளரும் இல்லை, அரசும் கைவைக்கவில்லை. ஆகவே 1961இன் கட்டடம் 1961இன் உயரத்திலேயே நிற்கிறது. சில நூறு அடி தூரத்துக்குள் மண்ணின் தரமோ கடலின் காட்சியோ மாறிவிடவில்லை. மாறியது உரிமையின் வடிவம் ஒன்றுதான்.

3.3 விமான நிலையத்தின் பங்கு

இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். 1998 ஜூலை வரை ஹாங்காங்கின் விமான நிலையம் கவுலூன் நகருக்கு நடுவே கை டாக்கில் இருந்தது. விமானப் பாதைக்காகக் கவுலூன் முழுவதும் கட்டட உயரத்துக்கு வரம்பு இருந்தது. இருப்பதை இடித்துவிட்டுக் கொஞ்சம் மட்டுமே உயர்த்திக் கட்ட முடியும் என்றால், நூற்றுக்கணக்கான பேரை வளைத்துப் பிடித்து மனை சேர்க்கும் தொல்லையை யார் சுமப்பார்? விமான நிலையம் லன்டாவ் தீவுப் பக்கம் போன பிறகே கவுலூனின் வானம் திறந்தது. அதற்குள் சுங்கிங் மேன்ஷன் விடுதிகளின் கூடாகக் கெட்டிப்பட்டுவிட்டது.

3.4 கட்டாய விற்பனைச் சட்டம்

சிதறிய உரிமை நகரத்துக்கே முட்டுக்கட்டை என்று அரசு எப்போதோ கண்டுகொண்டது. 1999இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒரு மனையின் பிரிபடாத பங்குகளில் 90 சதவீதத்தைச் சேர்த்துவிட்டவர், மீதியை ஏலத்துக்குக் கொண்டுவரும்படி நிலத் தீர்ப்பாயத்திடம் கேட்கலாம் என்றது. 2010இல், 50 ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு இது 80 சதவீதமாகக் குறைந்தது. 2024இன் திருத்தம் வயதையும் வட்டாரத்தையும் பொறுத்து வரம்பை இன்னும் இறக்கியது. மிகப் பழைய கட்டடங்களுக்கு, அரசு குறித்த ஏழு வட்டாரங்களில் 65 சதவீதம்வரை. சிம் ஷா சுய் அந்த ஏழில் ஒன்றன்று.

கவனிக்க வேண்டியது, எண்ணப்படுவது தலைகளல்ல, பங்குகள். இதன் விளைவைக் கடைசிப் பிரிவில் பார்ப்போம்.

4. ஒரு வீடு விடுதியாகும் விதம்

4.1 சிறு முதலாளியின் நுழைவாயில்

சிதறிய உரிமைக்கு இன்னொரு பக்கம் உண்டு. முழுக் கட்டடத்தை வாங்க முடியாதவர் ஒரு வீட்டை வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். ஒரு வீட்டை வைத்துக்கொண்டே ஹோட்டல்காரர் ஆகிவிடலாம். பெருமுதல் தேவைப்படும் தொழிலுக்குள் சீனக் குடும்பங்களும் தெற்காசிய வணிகர்களும் இப்படித்தான் நுழைந்தார்கள். தொழில் நன்றாக ஓடினால் அடுத்த வீடு, அது வேறு பிளாக்கில், வேறு மாடியில் கிடைத்தாலும் பரவாயில்லை. அதனால்தான் பதின்மூன்றாம் மாடியில் பெயரைப் பதிந்து சாவியை வாங்கிக்கொண்டு, அறைக்கு ஏழாம் மாடிக்கு இறங்கிப் போக வேண்டிய கூத்து நடக்கிறது. வெவ்வேறு பெயர்ப்பலகை மாட்டிய நாலைந்து விடுதிகளுக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு.

போட்டி அப்படிப்பட்டது. ஒரு மாடியில் விலை ஏறினால் வாடிக்கையாளர் அடுத்த மாடிக்குப் போய்விடுவார். பெரிய ஹோட்டலில் ஒரு நிர்வாகம் நூற்றுக்கணக்கான அறைகளுக்கு ஒரே விலை வைக்கும். இங்கே பக்கத்துக் கதவுக்காரரே எதிராளி.

4.2 அறை

ஒரு குடும்பம் இருந்த வீட்டை ஏழெட்டு அறைகளாக்குவது எப்படி? கூடத்தையும் படுக்கையறைகளையும் மெல்லிய தடுப்புகளால் அறுக்கிறார்கள். நடுவே ஓர் ஆள் மட்டும் போகும் நடை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை.

சிக்கல் குளியலறையில்தான். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ கழிவுக்குழாய்தான் கட்டும்போது வைத்தார்கள். தளத்தை உடைத்துக் கீழ்வீட்டுக்காரரின் கூரைக்குள் குழாய் இறக்க முடியாது, அது அவர் சொத்து. எனவே குழாய்களைத் தளத்தின் மேலேயே படுக்க வைத்து, சிமென்ட் கொட்டி மூடிவிடுகிறார்கள். அறையிலிருந்து குளியலறைக்குள் ஒரு படி ஏறிப் போக வேண்டியிருப்பதன் காரணம் இது. ஏறினால் கூரை தலையைத் தொடும். பீங்கானுக்கு நேர் மேலே சுவரில் ஷவர். குளித்து முடிக்கும்போது கழிப்பறைக் காகிதச் சுருள், கதவு, கண்ணாடி, செருப்பு எல்லாம் நனைந்திருக்கும். பழகியவர்கள் காகிதத்தை முதலிலேயே வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள்.

வெளியே அறையில் கட்டில் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை. கதவு கட்டில் விளிம்பில் இடிக்கும்வரைதான் திறக்கும். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினால்தான் நிற்க இடம். சுவரெல்லாம் வெள்ளை ஓடு, துடைக்கச் சுலபம். சுவரில் ஒரு தொலைக்காட்சி, அலமாரி என்ற பெயரில் மூன்று கொக்கி, ஒரு மின்கெண்டி. ஜன்னல் இருந்தால் அது பிளாக்குகளுக்கு இடையிலுள்ள காற்றுக்கூண்டைப் பார்த்திருக்கும். எதிர்ச்சுவரில் ஏசி பெட்டிகள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருக்கும். கீழே எட்டிப் பார்த்தால் பல மாடிகளின் குப்பை தெரியும். ஆனாலும் ஜன்னல் உள்ள அறைக்குக் கூடுதல் விலை, வாங்குகிறவர்களும் வாங்குகிறார்கள்.

இது வசதிக்குறைவின் பட்டியலாகத் தோன்றலாம். நான் பார்ப்பது வேறு. அறைக்குள் இல்லாத ஒவ்வொன்றையும் நகரம் வெளியே வைத்திருக்கிறது. உட்கார கவுலூன் பூங்கா இருக்கிறது, எதிர்ச்சாரியில், சில நிமிட நடை. காட்சிக்குத் துறைமுக நடைபாதையும் ஸ்டார் ஃபெர்ரி படகும், சாப்பிடத் தரைத்தளத்திலேயே சமோசாவும் பிரியாணியும். படுக்க மட்டும் இடம் தேவைப்படுகிறவருக்கு, படுக்கும் இடத்தை மட்டும் விற்கிறார்கள்.

4.3 லிஃப்ட்

கட்டடத்தின் உண்மையான தட்டுப்பாடு அறையில் இல்லை, லிஃப்டில் இருக்கிறது. ஒரு பிளாக்குக்குச் சிறிய லிஃப்ட் இரண்டு. ஒன்று ஒற்றைப்படை மாடிகளுக்கு, மற்றொன்று இரட்டைப்படைக்கு. குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற கணக்கில் 1961இல் வைத்தவை. இப்போது அதே வீட்டில் ஏழெட்டு அறை, அறைக்கு ஒருவர் இருவர், அவர்களோடு சரக்கு மூட்டைகளும். மாலை நேரத்தில் ஏ, பி பிளாக்குகளின் முன் வரிசை கடைகளுக்குள் வளைந்து போகும். கதவு திறந்து கூட்டம் ஏறும், எடை மிகுந்து மணி அடிக்கும், எல்லோரும் கடைசியாக ஏறியவரைப் பார்ப்பார்கள், அவர் இறங்குவார். வரிசையில் நிற்பவர்களுக்கு லிஃப்டின் உள்ளே நடப்பதைக் காட்டும் திரை ஒன்று மாட்டியிருக்கிறது.

அறையைப் பெருக்குவது தனி உரிமையாளரின் லாபம். அதனால் லிஃப்டில் ஏறும் சுமை எல்லோருக்கும் பொது. பொருளியல் பாடநூலில் பொதுமேய்ச்சல் நிலத்தை வைத்துச் சொல்லும் கதையை இந்த வரிசையில் நின்றே கற்றுக்கொள்ளலாம்.

5. தங்குவோர்

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர் கோர்டன் மேத்யூஸ் இந்தக் கட்டடத்தில் பல ஆண்டு அலைந்து, இரவுகள் தங்கி எழுதிய நூல் 2011இல் வந்தது. விடுதிப் பதிவேடுகளில் 129 நாடுகளைச் சேர்ந்தவர்களின் பெயர்களைக் கண்டதாக அவர் சொல்கிறார். அன்றாடம் ஏறக்குறைய 4,000 பேர் இங்கே உறங்குகிறார்கள் என்பது அவர் மதிப்பீடு. சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் அக்காலத்தில் புழங்கிய கைபேசிகளில் ஐந்தில் ஒரு பங்கு இந்தக் கடைகளின் வழியே போனவை என்ற அவரது இன்னொரு மதிப்பீடு மிகவும் பிரபலம். கீழ்மட்ட உலகமயம் என்று அவர் பெயரிட்ட நிகழ்வுக்கு இதுவே தலைநகரம்.

மேத்யூஸின் களப்பணிக்கு ஈடில்லை. ஆனால் உலகமயம் இங்கே ஏன் வந்து குடியேறியது என்பதற்கு, கட்டடத்தின் பத்திரங்களே முதல் விடை என்பேன். லாகோஸிலிருந்து வரும் கைபேசி வியாபாரி வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டடத்தில் ஒரு முதலாளி இல்லை. ஒரு விடுதிக்காரர் முகம் சுளித்தால் அடுத்தவர் சாவியை எடுத்து நீட்டுவார். விலக்குவதற்கும் ஒற்றை உரிமை வேண்டும்.

தமிழருக்கும் இந்தக் கட்டடத்துக்கும் உள்ள தொடர்பு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று சென்னையின் குருவிகள். சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங் என்று பறந்து, அனுமதித்த எடைக்குள் மின்னணுச் சாமான்களைச் சுமந்துவந்து பர்மா பஜார் வகையறாக் கடைகளில் சேர்த்துக் கூலி பெறுகிறவர்கள். இவர்களுக்கு விடுதியில் செலவாகும் ஒவ்வொரு டாலரும் சொந்த வருமானத்தில் குறைவது. மற்றொன்று காயல்பட்டினம். ரத்தினக்கல் வணிகத்தில் ஹாங்காங்கில் வேரூன்றிய காயல் முஸ்லிம்களின் புழக்கம் பெரும்பாலும் சிம் ஷா சுய் பக்கமே. அவர்கள் தொழும் கவுலூன் பள்ளிவாசல் இதே நேதன் சாலையில், 105ஆம் எண்ணில் இருக்கிறது. பிரிட்டிஷ் படையின் இந்திய முஸ்லிம் வீரர்களுக்காக 1896இல் எழுந்தது, இன்றைய கட்டடம் 1984இல் திறந்தது. இன்று பூங்காவாக இருக்கும் இடம் அந்த வீரர்களின் பாசறை. மேன்ஷன் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே இந்தச் சாலையில் தெற்காசியர் நடமாட்டம் உண்டு.

இந்தியர் விசா இல்லாமல் 14 நாள் தங்கலாம் என்ற வசதியே குருவித் தொழிலுக்குக் கால அளவை வகுத்தது. 2017 ஜனவரியில், புறப்படும் முன்பே இணையத்தில் பதிந்து அனுமதி பெற வேண்டும் என்ற விதி வந்தது. முன்பு விமானச் சீட்டு மட்டும் போதுமாயிருந்தது, இப்போது கணினி சரி என்று சொல்ல வேண்டும். அடிக்கடி பறந்தவர்களுக்கு இது சின்ன மாற்றமல்ல.

6. சட்டம் கிழிக்கும் கோடு

விடுதிகளுக்கான உரிமச் சட்டம் 1991இல் நடைமுறைக்கு வந்தது. 1988இன் தீ போன்றவை அதற்குப் பின்புலம். உரிமம் பெற வேண்டுமானால் தீத்தடுப்பு, வெளியேறும் வழி, கட்டட உறுதி ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் குறைந்தது 28 நாள் தொடர்ந்து வாடகைக்கு விடும் இடத்துக்கு இச்சட்டம் பொருந்தாது.

இந்த 28 நாள் கோடு பயணியையும் குடியிருப்பவரையும் பிரிக்கிறது. கோட்டுக்கு அப்பால் இருப்பது ஹாங்காங்கின் இருண்ட பகுதி. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர், பிரித்துத் தடுத்த வீடுகளில் வாடகைக்கு வாழும் நகரம் இது. அதற்கும் கீழே, கம்பிக்கூண்டுக் கட்டில்கள். ஒரே வீட்டில் 12 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகளை வாடகைக்கு விடுவோருக்கென்று தனிச் சட்டமே 1994இல் இயற்ற வேண்டியிருந்தது. பிரித்த வீடுகளுக்குக் குறைந்தபட்சம் எட்டு சதுர மீட்டர் என்ற விதி 2025இல்தான் நிறைவேறியது. நேதன் சாலையின் விடுதி அறைகள் பல அதைவிடச் சிறியவை. பயணிக்கு அது சாகசம். நாலு நாளில் விமானம் ஏறிவிடுவார் என்பதால் சட்டமும் அதைப் பொறுத்துக்கொள்கிறது. அதே அளவு அறையில் பத்து ஆண்டு கிடப்பவரின் கதை வேறு.

கோட்டின் மேலேயே நிற்பவர்கள் புகலிடம் கேட்டு வந்தவர்கள். 1951இன் அகதிகள் உடன்படிக்கையை ஹாங்காங் தனக்குப் பொருத்திக்கொள்ளவில்லை. மனு பரிசீலனையில் இருக்கும் ஆண்டுகளில் வேலை செய்யவும் பொதுவாக அனுமதியில்லை. பெரியவர் ஒருவருக்கு மாத வீட்டு வாடகை உதவி 2014இலிருந்து 1,500 ஹாங்காங் டாலர். அந்தத் தொகைக்குள் எங்கே அறை? இக்கட்டடத்தையும் இதைப் போன்றவற்றையும் விட்டால் அவர்களுக்கு அதிக வழியில்லை. கிறிஸ்டியன் ஆக்‌ஷன் என்ற தொண்டு அமைப்பு அகதிகளுக்கான மையத்தை இந்தக் கட்டடத்துக்குள்ளேயே நடத்துவது தற்செயலல்ல.

7. தீ

மலிவைத் தந்த அதே காரணம் என்ன விலை கேட்கும் என்பதற்குச் சான்று, சற்று வடக்கே ஜோர்டன் வட்டாரத்தில் 1964இல் கட்டிய நியூ லக்கி ஹவுஸ். அதிலும் பல நூறு பங்காளிகள், பல விடுதிகள். 2024 ஏப்ரல் 10 அன்று அங்கே பிடித்த தீயில் ஐந்து பேர் இறந்தார்கள். தீத்தடுப்பு வேலைகளைச் செய்யும்படி அந்தக் கட்டடத்துக்கு 2008இலேயே ஆணை போயிருந்தது. பதினாறு ஆண்டுகளில் அது நிறைவேறவில்லை.

ஏன் நிறைவேறவில்லை என்பது ஊகிக்கக் கடினமானதல்ல. தண்ணீர்த் தொட்டி, குழாய், தீக்கதவு எல்லாம் பொதுச்சொத்து. செலவைப் பங்கு போட வேண்டும். தரைத்தளக் கடைக்காரருக்குத் தெரு வாசலில் இருக்கிறது, அவர் ஏன் பதினைந்தாம் மாடியின் குழாய்க்குப் பணம் கட்டுவார்? வெளிநாட்டில் இருப்பவர் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை. விடுதிக்காரர் தன் வீட்டுக்குள் உரிமத்துக்கு வேண்டியதைச் செய்து சான்றிதழைச் சுவரில் மாட்டிவிடுவார். அவர் கதவுக்கு வெளியே இருக்கும் மாடிப்படி யாருடையதும் அல்ல. உரிமையாளர்கள் செய்யாத வேலையை அரசே செய்து செலவை அவர்களிடம் வசூலிக்க வழிவகுக்கும் திருத்தம் 2024 இறுதியில் நிறைவேறியது.

சுங்கிங் மேன்ஷனில் நிலைமை மேம்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. உரிமையாளர் சங்கம் சுறுசுறுப்பானது. நூற்றுக்கணக்கான கண்காணிப்புக் காமெராக்கள் வந்தன, காவலர்கள் வந்தார்கள், வெளிச்சுவர் புதுப்பிக்கப்பட்டது. 1980களின் பெயர் இன்று இதற்குப் பொருந்தாது. எனினும் தங்கப் போகிறவருக்கு ஒரு யோசனை: அறையைப் பார்க்கும் முன் மாடிப்படியை இரண்டு தளம் இறங்கிப் பாருங்கள். கதவு திறக்கிறதா, வழியில் மூட்டை அடுக்கியிருக்கிறதா என்பது விடுதியின் நட்சத்திர மதிப்பீட்டைவிட முக்கியம்.

8. எதிர்வாதங்கள்

விலையுயர்ந்த இடத்தில் ஒற்றை உரிமையாளரே மலிவாகத் தங்கவைக்கும் உதாரணங்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. பெனின்சுலாவுக்கு அடுத்த வாசலிலேயே ஒய்.எம்.சி.ஏ. நடத்தும் சாலிஸ்பரி இருக்கிறது, அக்கம்பக்கத்து ஹோட்டல்களைவிடக் குறைந்த விலையில். ஷாம் ஷுய் போ பக்கம் மே ஹோ ஹவுஸ் இளைஞர் விடுதி இருக்கிறது. 1953 கிறிஸ்துமஸ் நாளில் ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதி எரிந்தபின் வீடிழந்தவர்களுக்காக அரசு கட்டிய தொகுப்பு வீடு அது. பழைமைச் சின்னமாகப் பாதுகாத்து 2013இல் விடுதியாகத் திறந்தார்கள்.

இரண்டையும் பார்த்தால் என் வாதம் தளரவில்லை, எல்லை தெளிவாகிறது. ஒன்றில் அறக்கட்டளை தன் நிலத்தின் முழு வாடகையை எடுக்காமல் விடுகிறது. மற்றொன்றில் அரசு விடுகிறது. சுங்கிங் மேன்ஷனில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. முழு வாடகையை எடுக்க எல்லோருக்கும் ஆசைதான், சேர்ந்து எடுக்க முடியவில்லை.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களை இங்கே ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வேலை தேடிச் சென்னைக்கு வந்த பிரம்மச்சாரிகளுக்குப் பல தலைமுறையாக நிழல் தந்த அந்தக் கட்டடங்கள் பொதுவாக ஒரு குடும்பத்தின் சொத்து. மகன் மனது வைத்தால் மேன்ஷன் வணிக வளாகமாகிவிடும், அறைக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நேதன் சாலையில் அந்த ஒரு மகன் இல்லை.

9. 2031

சுங்கிங் மேன்ஷனுக்கு 2031இல் 70 வயது. 2024 திருத்தத்தின்படி, அரசு குறித்த வட்டாரங்களுக்கு வெளியே 70 ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு வரம்பு 80 சதவீதத்திலிருந்து 70 ஆகிறது. அதாவது, பத்தில் ஏழு பங்கைச் சேர்த்த நிறுவனம் மீதியைத் தீர்ப்பாயத்தின் வழியே ஏலத்துக்குக் கொண்டுவரலாம். விமான நிலையத் தடை இல்லை, பின்பக்கத்தில் 60 மாடிக் கோபுரம் முன்னுதாரணமாக நிற்கிறது.

ஆனால் பங்குகள் எங்கே குவிந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே மற்றது. மேல்மாடி விடுதிக்காரர் நல்ல விலை வந்தால் விற்றுவிடுவார், அவருக்கு லிஃப்ட் வரிசையும் தீப்பாதுகாப்பு ஆணையும் மிச்சம். தரைத்தளக் கடைக்காரருக்கு நிலை வேறு. அன்றாடம் வாசலைத் தாண்டும் ஆயிரக்கணக்கானோர் அவர் முதலீடு. பணம் மாற்றும் கடையும் கைபேசிக் கடையும் சிற்றுண்டிக் கடையும் புதிய பளிங்குக் கோபுரத்தின் அடியில் பிழைக்காது. மேலே தூங்குகிறவர்கள் போய்விட்டால் கீழே வாங்குகிறவர்களும் போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மனை சேர்க்க வருகிற நிறுவனம் மேல்மாடிகளில் வேகமாகவும் தரைத்தளத்தில் தயங்கித் தயங்கியும் முன்னேறும் என்று எதிர்பார்க்கலாம். தரைத்தளக் கடைக்காரர்கள் பங்கில் மூன்றில் ஒரு பகுதியைக் கையை விட்டுப் போகாமல் பிடித்துக்கொண்டால், பதினேழு மாடியின் படுக்கைகளும் இருக்கும்.